நீங்க எப்ப போவீங்க?

மூணு மணிச் சாயாவுக்கு என் தங்கச்சி மகள் வந்திருந்தாள். பிசியோதெரபி படித்து முடித்து ஒரு வருடம் வேலையும் பார்த்தவள். சாயாவைத் தொடாமல் போனை என் பக்கம் நீட்டினாள். கம்போடியாவில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தின் படங்கள். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் வெளிநாட்டு இளைஞர்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கின்றன. நாலு வாரம் தொண்டு செய்யலாம். விமானச் செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் நாம்தான் கட்ட வேண்டும். படிப்பு, அனுபவம் எதுவும் கேட்கவில்லை.

"பெரியம்மே, போகட்டா? அம்மை காசு காசுன்னு நிக்கா."

"சாயா ஆறுது, குடி மக்களே. பைய பேசலாம்."

எனக்குக் காசு கவலையில்லை. இருபத்துமூணு வயதில் தன் சம்பளத்தைச் சேர்த்து யாரோ ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்காகச் செலவழிக்க நினைக்கிற மனசு பெரிய மனசு. அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் பால்வாடி என்று பெயர் இருந்த காலத்திலிருந்து அங்கன்வாடி என்று ஆன பிறகும், முப்பது வருடம் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடேயே கிடந்தவள் நான். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் குமரிக் கடற்கரையில் மட்டும் ஏறத்தாழ 800 பேர் போனார்கள். கொட்டில்பாடு என்கிற ஒரே ஊரில் 199 பேர். கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஓட முடியாத பெண்களும்தான் அதில் அதிகம். அடுத்த சில நாட்களிலேயே உதவி வந்து குவிந்தது. ஜனவரி பிறந்ததும் வெளிநாட்டு இளைஞர்களும் வந்தார்கள். அவர்கள் நல்லவர்கள். வெயிலில் மண் அள்ளினார்கள், தண்ணீர் சுமந்தார்கள், கழிவறைக்குக் குழி வெட்டினார்கள். அந்த உழைப்பை இன்றும் கரையோர மக்கள் நன்றியோடு நினைக்கிறார்கள்.

எனக்கு ஒரு முகாமில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெளியூர் அமைப்பு ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டமாகத் தொண்டர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. நாலு வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். அம்மாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அப்பா உயிரோடு இருந்தார், ஆனால் பேச்சில்லாமல் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். முதல் கூட்டத்தில் வந்த ஒரு பெண் பையனை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. அவள் தோளில்தான் அவன் மத்தியானத் தூக்கம். பதினாலாம் நாள் வேன் வந்தது. அவளும் அழுதாள், அவனும் அழுதான். அடுத்த கூட்டத்தில் ஒரு பையன் வந்தான். அவன் தோளில் தூக்கம். மறுபடி வேன் வந்தது.

மூன்றாவது கூட்டம் வந்த அன்று, புதிதாக வந்தவள் குனிந்து அவன் கன்னத்தைத் தொட்டாள். அவன் ஒரு கேள்வி கேட்டான்: "நீங்க எப்ப போவீங்க?" பெயரைக் கேட்கிறான் என்று நினைத்து அவள் பெயரைச் சொன்னாள். அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டு, தன் விரல்களை விரித்துக் காட்டி, நீயும் காட்டு என்று சைகை செய்தான். கிழமை தெரியாத வயசு. விரல் எண்ணத் தெரியும். மொழிபெயர்க்க நின்ற கல்லூரிப் பையன் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவன் முதலில் விரலைத்தான் கேட்பான். ஒரு கைக்குள் அடங்குகிற எண்ணிக்கை என்றால் மடியில் ஏற மாட்டான். எட்டி உட்கார்ந்து மணலில் கோடு போட்டுக்கொண்டிருப்பான்.

இதை நான் சொல்லி முடித்தபோது அவள் ரசவடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"பெரியம்மே, அவனுக்கு யாருமே இல்லாம இருக்கிறதவிட ரெண்டு வாரம் ஒருத்தி கிடைச்சது நல்லதுதானே?"

எல்லோரும் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. பெரியவர்களுக்கு அது சரி. சிறு பிள்ளைக்குக் கணக்கு வேறு. பிறந்த பிள்ளை அழும், யாரோ ஒருத்தி தூக்குவாள். மறுபடி அழும், அதே வாசனை, அதே குரல், அதே கை வரும். ஆயிரம் முறை இது நடந்த பிறகுதான் 'நான் கூப்பிட்டால் ஆள் வரும்' என்ற நம்பிக்கை பிள்ளைக்கு உள்ளே விழுகிறது. பேச்சு, தூக்கம், பயம் தெளிவது, பின்னால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிப்பது எல்லாம் இதன் மேல் கட்டுகிற சுவர்கள். ஏழெட்டு மாதத்தில் பிள்ளை ஆள் அடையாளம் கண்டு அழத் தொடங்கும். புது ஆள் வந்தால் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைக்கும். 'கூச்சப்படுது' என்று நாம் குறைப்பட்டுக்கொள்வோம். அது குறையே இல்லை. தனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"இப்ப உன் போனில் இருக்கிற படத்தைப் பாரு. முன்னே பின்னே தெரியாத ஆள் வந்த உடனே ஓடி வந்து கழுத்தைக் கட்டுது. நம்ம வீட்டுப் பிள்ளை ஒண்ணு பஸ் ஸ்டாண்டில் அப்படிச் செய்தால் நாம பதறுவமா, மாட்டமா?"

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக இங்கிலாந்து மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் எழுதிய அறிக்கை இதன் தொடக்கம். அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் மனைவி ஜாய்ஸும் 1969-இல் ஒரு படம் எடுத்து வெளியிட்டார்கள். பதினேழு மாதப் பையன் ஜான். அம்மா இரண்டாவது பிரசவத்துக்குப் போகிறாள், அவனை ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விடுகிறார்கள். அங்கே கொடுமை ஒன்றும் இல்லை. நல்ல சாப்பாடு, சிரித்த முகமுள்ள இளம் நர்சுகள். ஆனால் ஷிஃப்ட் மாறும், ஆள் மாறும். ஒருத்தியைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறான், அவள் போய்விடுகிறாள். அடுத்தவளிடம் போகிறான், அவளும் போகிறாள். கடைசியில் யாரையும் தேடாமல் ஒரு பெரிய பொம்மைக் கரடியைக் கட்டிக்கொண்டு தரையில் கிடக்கிறான். ஒன்பதாம் நாள் அம்மா வந்து கையை நீட்டினால், அவளைத் தள்ளிவிட்டு அழுகிறான். ஒன்பதே நாள். எங்கள் முகாம் பையன் மணலில் போட்ட கோட்டை நான் அந்த ஜானோடு சேர்த்துத்தான் நினைப்பேன்.

அடுத்ததாக அவள் சொன்னது: "ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தாலும் பிரயோஜனம்தானே?" முகாமில் ஒவ்வொரு கூட்டமும் அதே ஏ, பி, சி, டி-யில்தான் தொடங்கியது. முன்னால் வந்தவர் எங்கே நிறுத்தினார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. பிள்ளைகள் அதே பாட்டைக் கையைத் தட்டிக்கொண்டு முதலிலிருந்து பாடினார்கள். தங்களுக்கு அது தெரியும் என்று சொல்லிப் புது அக்காவின் முகத்தை வாடவைக்க அவர்களுக்கு மனமில்லை.

இந்த இடத்தில் அவளே ஒரு பெரிய கேள்விக்கு வந்துவிட்டாள். "அப்ப அந்த அனாதைப் பிள்ளைகளுக்கு யாருதான் இருக்கா?"

"அனாதைன்னு யார் சொன்னா?"

கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் பங்கு கூடியது. அந்த ஐந்து வருடத்தில் அங்கே பெரிய போரும் இல்லை, பெரிய கொள்ளைநோயும் இல்லை. சுற்றுலாப் பயணிகள்தான் பெருகினார்கள். பிறகு அந்த நாட்டு அரசும் யுனிசெஃபும் சேர்ந்து பார்த்தபோது, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். வந்து பார்க்கிற வெளிநாட்டார் பணம் தருகிறார்கள். பணம் வர வேண்டுமானால் காட்டுவதற்குப் பிள்ளைகள் வேண்டும். 'உன் பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு, மூணு வேளைச் சாப்பாடு' என்று சொல்லி ஏழைத் தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி வர ஆள் இருக்கிறது. அவள் பிள்ளை மேல் உள்ள ஆசையால்தான் கொடுக்கிறாள்.

நேபாளத்தில் இது இன்னும் பச்சையாக வெளிவந்தது. கானர் கிரென்னன் என்ற அமெரிக்க இளைஞர் உலகம் சுற்றக் கிளம்பி, அதற்கு முன்னால் மூன்று மாதம் தொண்டு செய்யலாம் என்று 2004-இல் காட்மாண்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனார். என் தங்கச்சி மகளைப் போலவே நல்ல மனசோடு போனவர்தான். அங்கிருந்த பிள்ளைகள் அனாதைகள் இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்நாட்டுப் போரைக் காட்டிப் பயமுறுத்தி, பாதுகாப்பும் படிப்பும் தருவதாகச் சொல்லி, ஹும்லா என்ற தொலைதூர மலைப் பகுதியிலிருந்து தரகர்கள் காசு வாங்கிக்கொண்டு கூட்டி வந்த பிள்ளைகள் அவர்கள். கிரென்னன் பிள்ளைகளின் படங்களை எடுத்துக்கொண்டு அந்த மலைகளில் ஊர் ஊராக நடந்து பெற்றோரைத் தேடினார். பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பதற்கென்றே பிறகு ஒரு அமைப்பையும் தொடங்கினார். அவர் செய்த தொண்டில் எனக்குப் பிடித்தது அந்த நடைதான். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் குழந்தைகள் இல்லங்களுக்குத் தொண்டுச் சுற்றுலா போவது பிள்ளைகளுக்குத் தீங்கில் முடியலாம் என்று தீர்மானத்திலேயே எழுதிவைத்தது.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. மாமல்லபுரத்தில் உள்ள இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமை பற்றி 2007-இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்திதான் உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, பத்து வருடம் நடந்து, 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்பானது. நாட்டில் உள்ள ஒவ்வொரு குழந்தைகள் இல்லமும் அந்த வருட முடிவுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம் ஏற்கனவே பதிவைக் கட்டாயமாக்கியிருந்தது. பாதுகாப்பில் இருக்கும் பிள்ளை யார் என்று அடையாளம் தெரிகிற மாதிரி படம் வெளியிடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. அவள் போனில் பார்த்த மாதிரிப் படங்களை நம் ஊர் இல்லம் ஒன்று வெளியிட்டால் அது குற்றம்.

நம் மாவட்டத்தில் 'போர்டிங்' என்ற சொல் தெரியாத வீடு இல்லை. மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து டீச்சரும் நர்சும் ஆனவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். என் அம்மையும் அப்படிப் படித்தவள்தான். அதனால் எல்லா விடுதியையும் ஒரே தராசில் போடுவது தப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை லீவுக்கு வீடு திரும்பும். தனக்கு வீடு இருக்கிறது என்று அதற்குத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வீடு என்பது ஒரு இடம் அல்ல, ஒரு ஆள்.

வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து நம் பிள்ளைகளுக்குச் செய்தவர்கள் இல்லையா என்று அவள் கேட்கவில்லை. நானே எடுத்தேன். நாஞ்சில் நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பேசாமல் இருக்க முடியாது.

மார்த்தா மால்ட் 1819-இல் கணவரோடு நாகர்கோவிலுக்கு வந்தார். பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நம் ஊர்ப் பெண்கள் கையில் லேஸ் வந்த கதை அதுதான். திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்த காலம் அது, 1855-இல்தான் ஒழிந்தது. லேஸ் விற்ற காசில் அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். மால்ட் தம்பதி முப்பத்தைந்து வருடம் போல இங்கே இருந்தார்கள். பிள்ளைக்குச் செய்வது என்பது பிள்ளையின் அம்மா கையில் ஒரு தொழிலைக் கொடுப்பதும்தான் என்பது எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது. முட்டத்தில் நம் கரை மீனவர்களோடு உட்கார்ந்து ஒட்டுப்பலகை வள்ளம் கட்டிய பெல்ஜியத்து எஞ்சினியர் பியர் கில்லெட்டையும் நான் இந்த வரிசையில்தான் சேர்ப்பேன். அப்பன் பத்திரமாகக் கடலுக்குப் போய்த் திரும்பினால் பிள்ளை விடுதிக்குப் போக வேண்டாம்.

மலைக்கு அந்தப் பக்கம், களக்காட்டுக்குக் கிட்டே டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்துக்காரியான ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தார். 1901-லிருந்து டோனாவூரில் பிள்ளைகளை, அதிலும் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளை, எடுத்து வளர்த்தார். 1951 ஜனவரியில் அங்கேயே இறந்தார். இடைப்பட்ட ஐம்பத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. அவருடைய சமயப் பார்வையில் எல்லோருக்கும் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு. அங்கே வெளிநாட்டுப் பெண்களைப் பிள்ளைகள் 'சித்தி' என்று கூப்பிட்டார்கள். நம் ஊர்ப் பெண்களை 'அக்காள்', ஆண்களை 'அண்ணாச்சி'. அவரை 'அம்மா'. சித்தி என்று ஒரு பிள்ளை கூப்பிட்டு, நீ 'ஏன்?' என்று குரல் கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி நீ அங்கே இருக்க வேண்டும். ருதுவாகிற அன்றும், கல்யாணத்தன்றும், கோபித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிற அன்றும் இருக்க வேண்டும். நாலு வார விசாவில் அந்தச் சொல்லை ஏற்க முடியாது.

"அப்ப ஐம்பது வருஷம் இருக்க முடியாதவ போகவே கூடாதா?"

அவள் குரலில் கொஞ்சம் கோபம் வந்திருந்தது. வர வேண்டிய கோபம்தான். இரண்டாவது சாயா போட எழுந்தேன். அடுப்படியிலிருந்தே நெய்யூர் டாக்டர் சாமர்வெல் கதையைச் சொன்னேன். ஹவர்ட் சாமர்வெல் 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலாந்துக்காரர், சர்ஜன். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசல் நிறைய நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். ஆபரேஷன் செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர். சாமர்வெல் சில நாள் கூட நின்று கைகொடுத்தார். பிறகு ஊருக்குப் போய், லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு நெய்யூரில் கத்தி பிடித்தார். அந்த முதல் சில நாளும் வீண் போகவில்லை, ஏன் தெரியுமா? அவரிடம் இருந்த கைத்தொழில் அங்கே போதாமல் இருந்தது. அவர் போனதால் எந்தக் குடல் இறக்க நோயாளியும் 'எப்ப போவீங்க' என்று விரலை விரிக்கவில்லை.

"உன் கையிலும் தொழில் இருக்கு மக்களே. உன் படிப்பையே அவங்க கேக்கலியே, அதுதான் எனக்கு வருத்தம்."

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளையை எப்படித் தூக்குவது, கழுத்து நிற்காத பிள்ளைக்கு எப்படிச் சோறு ஊட்டுவது, பழைய சேலையைச் சுருட்டி இடுப்புக்கு எப்படி முட்டுக்கொடுத்து உட்காரவைப்பது, இதையெல்லாம் அவள் ஒரு தாய்க்கு நாலு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிட முடியும். அவள் விமானம் ஏறிய பிறகும் அந்தத் தாய் அங்கேதான் இருப்பாள். அங்கேயே வேலை பார்க்கிற ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்த ஆயா அடுத்த இருபது வருடம் செய்வாள். பிள்ளையை என் தங்கச்சி மகள் தன் மடிக்கு எடுக்கவே வேண்டாம். தாயின் மடியில் சரியாக உட்காரவைத்துவிட்டு வரலாம்.

சாயா வந்ததும் ஒரு நோட்டை எடுத்து இருவருமாக அந்தக் கம்போடிய இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். உங்கள் இல்லத்தில் பெற்றோர் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர், போன வருடம் எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்? நான் கட்டும் பணத்தில் உள்ளூர்ப் பணியாளர் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது? நான் செய்யப்போகும் வேலையை இப்போது யார் செய்கிறார், நான் வந்தால் அவருக்கு வேலை இருக்குமா? எங்கள் ஊர் போலீஸிடமிருந்து என்னைப் பற்றி ஏன் சான்று கேட்கவில்லை? இந்தக் கடைசிக் கேள்வி அவளுடையது. குளச்சலில் ஒரு பால்வாடிக்குள் பாஷை தெரியாத அந்நியர் ஒருவர் விசாரணை இல்லாமல் நுழைந்து பிள்ளையைத் தூக்க நாம் விடுவோமா என்று நான் கேட்டதற்கு அவளே கண்டுபிடித்த பதில் அது.

வீட்டோடு இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்பது இப்போது அரசுக்கும் தெரிந்திருக்கிறது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில், தகப்பன் இல்லாத ஏழைப் பிள்ளை போன்றவர்களுக்கு வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், வருமானச் சான்று, இறப்புச் சான்று என்று அலைய ஆள் இல்லாமலேயே எத்தனையோ அம்மாமார் விட்டுவிடுகிறார்கள். ஒரு தாயோடு அந்த ஆபீஸுக்கு மூன்று தடவை பஸ் ஏறிப் போவதும் தொண்டுதான். அதற்குக் கட்டணம் இல்லை, படமும் எடுக்க முடியாது.

கடிதத்துக்கு ரெண்டு நாளில் பதில் வந்தது. எங்கள் கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் கட்டணத்தில் குறைவு உண்டு என்று இருந்தது. அவள் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் முற்றத்து வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு இரண்டு இடங்களுக்கு, பிசியோதெரபிஸ்டுகளையே தேடுகிற இடங்களுக்கு, அதே கேள்விகளை அனுப்பினாள். அந்தப் பதில்களுக்காகக் காத்திருக்கிறாள்.

அதுவரை வியாழக்கிழமைகளில் என்னோடு வருகிறாள். வட்டார வள மையத்துக்கு அன்றைக்குத்தான் கடற்கரை ஊர்களிலிருந்து அம்மாமார் நடக்க முடியாத பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். எட்டு வயசுப் பிள்ளையையும் இடுப்பில்தான் வைத்துக்கொண்டு வருவார்கள், வேறு வழியில்லை. போன வாரம் அவள் ஒரு அம்மாவைத் தரையில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, முதலில் அந்த அம்மாவின் இடுப்புவலிக்கு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை பக்கத்துப் பாயில் கிடந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாளை மறுநாள் வியாழன். ஒன்பதரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பழைய சேலை நாலு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்.